நாய்க்குத் தூக்க மருந்தா? நான் தர மாட்டேன்!

ராயபுரம் கல்மண்டபம் பக்கம் என் கிளினிக். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் வருகிறவர்கள் பெரும்பாலும் துறைமுகத்தில் ஷிஃப்ட் முடித்து வருகிறவர்கள்தான். இடுப்பு வலி, மூட்டு வலி, வாய்வுத் தொல்லை. போன வருடம் ஆகஸ்ட் மாதத்தில் அப்படி ஒரு ராத்திரி, போதும், கிளினிக்கைச் சாத்தலாம் என்று எழுந்தபோது ஒரு குடும்பமே வந்து நின்றது. திருவொற்றியூர்க்காரர்கள். கணவன், மனைவி, எட்டு வயசுப் பையன், தாத்தா. கூடவே ஒரு லாப்ரடார் நாய்!

"யாருக்கும்மா உடம்பு சரியில்லை?" என்றேன்.

"யாருக்கும் இல்லீங்க ஐயா. இவனுக்குத்தான் ஒரு மருந்து வேணும்" என்று நாயைக் காட்டினார் அந்த அம்மா.

விஷயம் இதுதான். கணவருக்கு ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்தில் வேலை. மூன்று வாரத்தில் கிளம்ப வேண்டும். விசா வந்தாச்சு, டிக்கெட் போட்டாச்சு, பிரிட்ஜையும் வாஷிங் மிஷினையும் விற்றாச்சு. பாக்கி நாய் மட்டும்தான். "பதினஞ்சு மணி நேரம் ஆகும்ங்கிறாங்க. இங்கிலீஷ் மருந்து கொடுத்தா ஏதாச்சும் ஆயிடுமோன்னு பயமா இருக்கு. நம்ம சித்த மருந்துல ஒரு லேகியமோ சூரணமோ கொடுத்தீங்கன்னா, பாட்டுக்குத் தூங்கிக்கிட்டே போயிடுவான்."

நான் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்டேன். "மைக்ரோசிப் போட்டிருக்கீங்களா?"

"அப்படின்னா என்னங்க ஐயா?"

எனக்குத் 'திக்'கென்றது. மூன்று வாரம்தான் இருக்கிறது!

சித்த வைத்தியனுக்கு நாய் விமானம் ஏறும் கதையெல்லாம் எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். என் மகள் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்தவள். எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்துப் பேச்சில் பாதி நாய், மீதி பூனை. அவள் தினமும் புலம்புவதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் பாதி மனப்பாடம் ஆகிவிட்டது. விசா கையில் கிடைத்த பிறகுதான் எல்லாரும் நாயை நினைக்கிறார்கள் என்பது அவளுடைய பெரிய புலம்பல். இப்போது என்னுடையதும்!

முதலில் அந்த மருந்து விஷயத்தை முடித்துவிடுகிறேன்.

பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் படிப்பை முடித்து வந்த புதிது. கை துறுதுறுக்கும் வயசு. தெரிந்தவர் ஒருவர் தன் பொமரேனியன் நாயை ரயிலில் மதுரைக்குக் கொண்டுபோக வேண்டும், குரைக்காமல் இருக்க ஏதாவது கொடுங்கள் என்றார். குழந்தைக்குத் தூக்கம் வர ஜாதிக்காயை உரசிக் கொடுக்கிறோமே, அந்த நினைப்பில் ஜாதிக்காய்ப் பொடி கொடுத்தேன். செங்கல்பட்டு தாண்டும் முன்பே நாய்க்கு வாந்தி. விடிய விடிய நடுக்கம், நெஞ்சு படபடப்பு. பிழைத்ததே தெய்வச் செயல். ஜாதிக்காயில் இருக்கும் மிரிஸ்டிசின் என்ற சத்து நாய்க்கு விஷம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது. அந்த மனிதர் என்னைத் திட்டவே இல்லை. அதுதான் இன்னமும் உறுத்துகிறது.

நமக்கு மருந்தாக இருப்பது நாலுகால் ஜீவனுக்கும் மருந்தாக இருக்கும் என்று எண்ணாதீர்கள். நமக்கு நல்லது செய்யும் வெங்காயமும் பூண்டும் நாய், பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். காய்ச்சலுக்கு நாம் போடும் பாராசிட்டமால் மாத்திரை ஒன்று போதும், பூனையின் உயிர் போய்விடும். கசகசா கொடுக்கலாமா என்று கேட்டவர்களும் உண்டு. கூடாது! (துபாய்ப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கசகசா அங்கே தடை செய்யப்பட்ட பொருள். பெட்டியில் ஒரு பொட்டலம் இருந்தாலும் வம்பு. நாய்க்கும் வேண்டாம், குருமாவுக்கும் வேண்டாம்.) நம் முன்னோர் மாட்டு வாகடம் எழுதி வைத்திருக்கிறார்கள். விமானத்தில் போகும் நாய்க்கு யாரும் வாகடம் எழுதவில்லை.

சரி, அலோபதி மயக்க மருந்தாவது கொடுக்கலாமா? கால்நடை மருத்துவர்களே பொதுவாக வேண்டாம் என்கிறார்கள். காரணம் இதுதான். பறக்கும் விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலைமேல் இருப்பது போல இருக்கும். ஊட்டி 7,300 அடி. அதாவது ஊட்டி உயரத்தில், இருட்டில், இரைச்சலில், ஒரு கூண்டுக்குள் நாய் இருக்கிறது. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். மயக்க மருந்து அந்த இரைப்பைக் குறைக்கும், ரத்த அழுத்தத்தையும் இறக்கும். விமானம் ஆடும்போது காலை ஊன்றிச் சமாளிக்கவும் முடியாது. ஏதாவது ஆனால் கீழே சரக்கு அறையில் பார்ப்பதற்கு யார் இருக்கிறார்கள்? மயங்கிக் கிடக்கும் நாயைப் பல விமான நிறுவனங்கள் ஏற்றவே மாட்டார்கள்.

மருந்துக்குப் பதில் பழக்கம்தான் வேண்டும். பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பே கூண்டை வாங்கிக் கூடத்தில் வையுங்கள். நாய் உள்ளே நிமிர்ந்து நிற்க வேண்டும், திரும்ப வேண்டும், கால் நீட்டிப் படுக்க வேண்டும். அந்த அளவு இருந்தால்தான் விமானத்தில் ஏற்றுவார்கள். கதவைத் திறந்தே வைத்து, சோற்றை உள்ளே வையுங்கள். ஒரு வாரத்தில் தானே போய்ப் படுத்துக்கொள்ளும். பிறகு பத்து நிமிஷம், அரை மணி, ஒரு ராத்திரி என்று கதவைச் சாத்திப் பழக்குங்கள். நீங்கள் உடுத்தி, துவைக்காத பழைய லுங்கியோ நைட்டியோ ஒன்றை உள்ளே போட்டுவிடுங்கள். அந்த வாசனையை விடப் பெரிய தூக்க மருந்து எந்தக் கடையிலும் கிடைக்காது.

இப்போது அந்த மைக்ரோசிப் கதைக்கு வருகிறேன்.

அரிசி மணி அளவு ஒரு சின்னப் பொருள். ஊசி மூலம் தோலுக்கு அடியில் வைப்பார்கள். கருவியைக் காட்டினால் 15 இலக்க எண் தெரியும். இந்த நாய் இந்த நாய்தான் என்பதற்கு அதுதான் ரேஷன் கார்டு. ஐரோப்பிய நாடுகளின் சட்டம் என்ன தெரியுமா? முதலில் சிப், அதற்கு அப்புறம்தான் வெறிநோய்த் தடுப்பூசி. ஒரே நாளில் போடலாம், ஆனால் வரிசை மாறக்கூடாது. திருவொற்றியூர்க்காரர்கள் ஆறு வருடமாகத் தவறாமல் ஊசி போட்டு வந்தவர்கள். புத்தகத்தில் அழகாக ஸ்டிக்கர் ஒட்டி, கையெழுத்தும் சீலும் இருந்தது. என்ன பிரயோசனம்? சிப் இல்லாத நாய்க்குப் போட்ட ஊசி அத்தனையும் கணக்கில் வராது! முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

சிப் வைத்து ஊசி போட்டு, குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற பரிசோதனைக் கூடத்துக்கு அதை அனுப்பி, வெறிநோயை எதிர்க்கும் சக்தி ஒரு மில்லி லிட்டருக்கு 0.5 யூனிட்டாவது இருக்கிறது என்று ரிப்போர்ட் வாங்க வேண்டும். அதோடு முடிந்ததா? ரத்தம் எடுத்த நாளில் இருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். கூட்டிப் பாருங்கள். நாலு மாதம்! நாய்க்குட்டி என்றால் 12 வாரம் ஆன பிறகுதான் முதல் ஊசியே. அப்போது ஏழு மாதம் ஆகிவிடும். ஜப்பானுக்குப் போவதென்றால் இரண்டு ஊசி, ரத்தப் பரிசோதனை, அதன் பிறகு 180 நாள். ஆஸ்திரேலியாவோ இந்தியாவில் இருந்து நேராக நாயைக் கொண்டுவரவே விடாது. அவர்கள் ஒப்புக்கொண்ட வேறொரு நாட்டுக்குப் போய், அங்கே விதிகளை முடித்து, பிறகுதான் உள்ளே போக முடியும்.

"பணம் கொடுத்தா ஏஜென்ட் சீக்கிரம் முடிச்சுத் தர்றேங்கிறாரே?" என்று அந்தக் கணவர் கேட்டார். ஏஜென்ட் காகிதத்தைச் சீக்கிரம் முடிப்பார். நாயின் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி ஊற வேண்டிய நாளை அவர் எப்படிக் குறைப்பார்?

ஏன் இத்தனை கெடுபிடி? 'நம்ம ஊர் நாய்ன்னா அவங்களுக்கு இளப்பமா?' என்று சில பேருக்குக் கோபம் வருகிறது. கோபப்படுகிறவர்கள் ஒருமுறை தண்டையார்பேட்டை தொற்றுநோய் மருத்துவமனையை நினைத்துப் பார்க்க வேண்டும். நாய்க்கடி விஷம் முற்றிய நோயாளிகளைக் கொண்டுவந்து சேர்க்கும் இடம் அது. தண்ணீரைப் பார்த்தாலே தொண்டை இறுகும் அந்த நிலை வந்துவிட்டால் எந்த வைத்தியத்துக்கும் கட்டுப்படாது, என் வைத்தியத்துக்கும்தான். உலகத்தில் வெறிநோயால் சாகிறவர்களில் 36 சதவீதம் பேர் இந்தியாவில் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிரிட்டன் 1922-லேயே அந்த நோயை ஒழித்துவிட்டது. ஜப்பான் 1957-ல் ஒழித்தது. ஒரு தலைமுறை பாடுபட்டு ஒழித்ததை நம் வீட்டுச் செல்லம் ஒன்று திரும்பக் கொண்டுவந்துவிடக் கூடாது என்று அவர்கள் பயப்படுவதில் என்ன தப்பு?

மூன்று மாதக் காத்திருப்புக்கும் காரணம் இருக்கிறது. வெறிநோய்க் கிருமி உடம்புக்குள் போய் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் சத்தம் காட்டாமல் இருக்கும். ஊசி போடுவதற்கு முன்பே தெருவில் ஏதோ ஒன்று உங்கள் நாயைக் கடித்திருந்தால்? அது அந்த மூன்று மாதத்தில் பெரும்பாலும் வெளியே தெரிந்துவிடும். முன்பெல்லாம் பிரிட்டனுக்குப் போகும் இந்திய நாய் ஆறு மாதம் அங்கே கூண்டில் தனியாகக் கிடக்க வேண்டும். 2012-ல் அதை மாற்றினார்கள். இன்று அந்தக் காத்திருப்பை நம் வீட்டிலேயே, நம் காலடியிலேயே கழிக்கலாம். நல்ல மாற்றம்தானே?

இந்தப் பயம் நமக்கும் வந்ததுண்டு. 2020 பிப்ரவரியில் நம் சென்னைத் துறைமுகத்தில் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? சீனாவில் இருந்து பொம்மைகள் வந்த கன்டெய்னரைத் திறந்தால் உள்ளே ஒரு பூனை! கொரோனா பீதி ஆரம்பித்த நேரம். அதைத் திருப்பிச் சீனாவுக்கே அனுப்பப் போகிறோம் என்றார்கள். பீட்டா அமைப்பு எதிர்த்தது. அத்தனை நாள் சோறு தண்ணி இல்லாமல் ஒரு பூனை எப்படிப் பிழைக்கும், வழியில் ஏதாவது துறைமுகத்தில் ஏறியிருக்கும் என்றெல்லாம் வாதம் நடந்தது. ஏப்ரல் மாதம்தான் அதற்கு விடுதலை. காகிதம் இல்லாத ஒரு பூனைக்கு நாமே இத்தனை யோசித்தோம். அடுத்தவன் யோசித்தால் மட்டும் கோபமா?

நாட்டுக்கு நாடு சட்டம் மாறும் என்பதையும் மறக்காதீர்கள். அமெரிக்கா 2024 ஆகஸ்ட் 1 முதல் ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டியை விடுவதில்லை. வெறிநோய் அதிகமுள்ள நாடுகள் என்று ஒரு பட்டியல் வைத்து, அதில் இந்தியாவையும் சேர்த்திருக்கிறது. ரத்தப் பரிசோதனை இல்லாமல் போனால் 28 நாள் தனி அடைப்பு. பிரிட்டனுக்குப் போகும் விமானத்தில் நாயை மடியில் வைத்துக்கொண்டு போய் இறங்க முடியாது, சரக்காகத்தான் இறங்க வேண்டும். போதாததற்கு நாய்க்கு நாடாப்புழு மருந்தை மருத்துவர் கையால், போய்ச் சேர்வதற்கு ஒன்று முதல் ஐந்து நாளுக்குள் கொடுத்திருக்க வேண்டும். ஐக்கிய அரபு நாடு ராட்வீலர், டாபர்மேன் போன்ற இனங்களை உள்ளே விடாது. சிங்கப்பூரில் நம்மவர்கள் பெரும்பாலும் குடியிருப்பது வீட்டு வசதி வாரிய அடுக்குமாடியில்தான். அங்கே குறிப்பிட்ட சிறிய இன நாய்கள் மட்டும்தான் வளர்க்கலாம். லாப்ரடாரை லட்சக்கணக்கில் செலவழித்துக் கொண்டுபோய் வாசலில் நின்றால் என்ன ஆவது? அதனால் விசாவுக்கு மனு போடும் அன்றைக்கே அந்த நாட்டு விதியையும் பாருங்கள்.

கடைசிக் கட்டம், மத்திய அரசின் விலங்குத் தொற்றுத்தடுப்பு நிலையம் தரும் ஏற்றுமதிச் சான்றிதழ். சென்னையில் அது பள்ளிக்கரணையில் இருக்கிறது. எண்ணூர், திருவொற்றியூர் ஆட்களுக்கு ஊரின் இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடி! கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே காரில் நாயோடு போக வேண்டும், அதிகாலையிலேயே கிளம்புங்கள். பயணத்துக்கு ஓரிரு நாள் முன்னால் என்று வைத்துக்கொண்டு தவிக்காமல், தேதியை முன்கூட்டியே கேட்டு வாங்கிவிடுங்கள்.

2025-ல் சென்னை மாநகராட்சி வளர்ப்பு நாய்க்கு உரிமமும் சிப்பும் வேண்டும் என்று சொல்லிவிட்டது. எப்படியும் வைக்கத்தான் போகிறீர்கள். அது வெளிநாட்டிலும் செல்லும் 15 இலக்க ஐ.எஸ்.ஓ. தரமா என்று கேட்டு வையுங்கள். அதற்குப் பிறகு ஊசி ஒரு நாள்கூடத் தவறாமல் இருந்தால் ஐரோப்பாவுக்கு ஒரு முறை எடுத்த ரத்த ரிப்போர்ட் நாயின் ஆயுசுக்கும் போதும். வீட்டில் யாருக்காவது வெளிநாடு போகும் யோசனை லேசாக இருந்தாலும் இப்போதே செய்துவிடலாம்.

எல்லா நாயும் போகத்தான் வேண்டுமா? இதுதான் யாரும் கேட்க விரும்பாத கேள்வி. பக், புல்டாக், ஷிட்சூ, பெர்சியன் பூனை போன்ற சப்பை மூக்கு ஜாதிகளுக்குச் சாதாரண நாளிலேயே மூச்சுத் திணறும். பல விமான நிறுவனங்கள் அவற்றைச் சரக்கு அறையில் ஏற்றுவதில்லை. பத்து வயசு தாண்டிய, இதயக் கோளாறு உள்ள நாயைக் கோடை வெயிலில் கூண்டில் ஏற்றுவது அன்பா? எனக்குத் தெரியவில்லை என்று சொல்லமாட்டேன். அது அன்பில்லை. பிரிய மனசில்லாத நம் சுயநலம். அதே சமயம், மூன்று வாரத்தில் முடியாது என்று தெரிந்ததும் 'எண்ணூர் பீச்சில் மீனவங்க சோறு போடுவாங்க' என்று நாயை விட்டுவிட்டுப் போகிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். சோபாவில் படுத்து வளர்ந்த நாய் அங்கே தெருநாய்களின் கடியில் ஒரு மாதம் தாங்குமா? விட்டுவிட்டுப் போவதென்றால், அதோடு வாழ ஒப்புக்கொண்ட ஒரு மனிதரிடம் விடுங்கள். வாட்ச்மேன் கையில் ஐந்தாயிரம் ரூபாயைத் திணித்துவிட்டுப் போவதற்கு அந்தப் பெயர் இல்லை.

அந்த ராத்திரி இதையெல்லாம் சொன்னதும் பையன் அழ ஆரம்பித்துவிட்டான். அப்பாவும் அம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அதுவரை பேசாமல் இருந்த தாத்தாதான் வாயைத் திறந்தார். "என்கிட்ட விட்டுட்டுப் போங்க. நாலு மாசம்தானே? நான் பார்த்துக்கிறேன்." அவரிடம் யாரும் அதுவரை கேட்கவே இல்லை!

மறுநாளே வேப்பேரிக்குப் போய் சிப் வைத்து, ஊசி போட்டார்கள். செப்டம்பரில் குடும்பம் கிளம்பியது. மாதக் கடைசியில் ரத்தம் எடுத்து அனுப்பினார் பெரியவர். ஐரோப்பாவில் இன்னொரு விதியும் உண்டு. சொந்தக்காரர் பயணத்துக்கு ஐந்து நாள் முன்னே பின்னேதான் நாய் போக வேண்டும், இல்லாவிட்டால் வியாபாரச் சரக்கு என்று கணக்கு வேறாகிவிடும். அதனால் பொங்கலுக்கு மகனே லீவில் வந்து நாயைக் கூட்டிக்கொண்டு போனார். கூண்டுக்குப் பழகிய நாய், மருந்து மாத்திரை எதுவும் இல்லாமல் போய்ச் சேர்ந்தது. இறங்கியதும் ஒரு பாட்டில் தண்ணீர் குடித்ததாம்.

போன வாரம் பெரியவர் என்னிடம் வந்திருந்தார். எண்ணூர் அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சர்க்கரைக்காரர். நாய் இருந்த அந்த நாலரை மாதமும் லாரிகள் நெரிக்கும் முன்பு விடியற்காலை ஐந்து மணிக்குக் கடற்கரை ஓரம் நடை, சாயங்காலம் மறுபடி நடை. சர்க்கரை நன்றாக இறங்கியிருந்தது. இப்போது திரும்ப ஏறிவிட்டது.

"நடக்கறதில்லையா?" என்றேன்.

"யாரைக் கூட்டிக்கிட்டு நடக்கறது ஐயா?" என்றார்.

மகளிடம் சொல்லியிருக்கிறேன். வெளிநாடு போகும் குடும்பம் ஒன்று தங்கள் ஐந்து வயசு நாட்டு நாய்க்கு இடம் தேடிக்கொண்டிருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை பெரியவரை அழைத்துக்கொண்டு போய்ப் பார்க்கப் போகிறோம்.